எட்டு எம்.எம். சல்லடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு வித்யா கம்ப்யூட்டரைத் திறந்தபோது, தமிழினியின் கல்யாணப் படங்கள் மூன்று வாரம் பின்னால் போயிருந்தன. வெளிச்சம் ஏற்றி, நிறம் திருத்தி, கோணலை நிமிர்த்தி அவள் முடித்து வைத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் கேமராவிலிருந்து இறங்கிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே வெளிறிக் கிடந்தன. மண்டபத்து மஞ்சள் விளக்கு மாப்பிள்ளையின் வேட்டியில் சாம்பார் கொட்டியதுபோல மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல படம் எது, கழித்த படம் எது என்று அவள் போட்டிருந்த நட்சத்திரக் குறிகளையும் காணோம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது படமும் ஒரே கும்பலாக நின்று அவள் முகத்தைப் பார்த்தன.

அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். வேறு ஃபோல்டரைத் திறந்துவிட்டோமோ என்று தேடினாள். கடைசியில் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு தட்டும் தட்டிப் பார்த்தாள். அது எந்தக் காலத்தில் எதைச் சரிசெய்தது?

சாயங்காலம் நாலு மணிக்குச் சிலமலையிலிருந்து பெண் வீட்டார் படம் பார்க்க வருகிறார்கள். நாளைக் காலையில் தமிழினி புருஷனோடு புனேவுக்குப் புறப்படுகிறாள். ஆல்பத்தில் எந்தப் படம் முதலில், எந்தப் படம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் போனால்தான் உண்டு.

கல்யாண ஆல்பம் வளைகாப்புக்கு வந்து சேர்ந்தாலே சீக்கிரம் என்பது போடியில் வழக்கமான பேச்சு. வித்யா ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஜெகதீஷின் ஸ்டூடியோவில் வளைகாப்பு தாண்டிக் காதுகுத்துக்குப் போன ஆல்பமும் உண்டு. படம் எடுப்பது ஜெகதீஷ், திருத்துவது வித்யா, பெயர் ஜெகதீஷுக்கு. அதை விட்டு வெளியே வந்து, சொந்தமாகக் கேமரா வாங்கி, தானே எடுத்துத் தானே திருத்துகிற முதல் கல்யாணம் இது. முப்பதே நாளில் படங்களைக் கண்ணில் காட்டுவேன் என்று பெண்ணின் அம்மா வீரலட்சுமியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று முப்பதாவது நாள். தமிழினியின் சித்தி மகளுக்கும் தை மாதத்தில் பொட்டிபுரத்தில் கல்யாணம். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு ஆள் பேசுவார்கள்.

"போய்ட்டு வாம்மா. ஒன் நாற்காலிய எடுக்க மாட்டேன், அங்கனயேதான் கெடக்கும்" என்று ஜெகதீஷ் சிரித்துக்கொண்டே வழியனுப்பியிருந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒன்பது வருஷமும் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து உட்கார்ந்தவள் அவள். செத்தாலும் அதில் திரும்பப் போய் உட்காரக் கூடாது என்று இருந்தாள்.

ஃபோல்டரை நிதானமாக இன்னொரு தரம் பார்த்தபோதுதான் புரிந்தது. கேமரா கொடுக்கிற ரா ஃபைல் ஒவ்வொன்றும் இருபத்தைந்து எம்பி இருக்கும். திருத்தும் மென்பொருள் அதைத் தொடாது. என்ன திருத்தினோம் என்பதைப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு குட்டி ஃபைலில் எழுதி வைக்கும். அந்தக் குட்டி இருந்தால்தான் திருத்தம் இருக்கும். ஃபோல்டரில் பெரிய ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. குட்டிகளில் ஒன்றுகூட இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான்.

அந்த ஆள் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் புருஷன் அருள்பாண்டி பதினெட்டு வருஷமாக ஏலக்காய் குடோனில் தரம் பிரிக்கிறவன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற காயைச் சல்லடையில் விட்டு எட்டு எம்.எம். முதல் தரம், ஏழு எம்.எம். அடுத்தது என்று பிரித்து, பொடியையும் பதரையும் ஒதுக்குவது அவன் சோலி. ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு லீவு. அவனுடைய கைக்குத்தான் லீவு கிடையாது.

"ஏங்க, நேத்து என் கம்ப்யூட்டர்ல கைய வச்சீகளா?"

அருள்பாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துட்டியா? நானே சொல்லணும்னு இருந்தேன். சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்."

"என்னத்தச் சுத்தம் பண்ணீக?"

"போன்ல கெடந்த படத்த ஏத்தலாம்னு ஒக்காந்தேன். எடமில்ல எடமில்லன்னு செகப்புல கத்துச்சு. என்னான்னு பாத்தா, ஒரு பெருசு, பக்கத்துல ஒரு பொடி, ஒரு பெருசு, ஒரு பொடின்னு பூராம் கலந்து கெடக்கு. சைஸுன்னு மேல ஒண்ணு இருக்குல்ல, அத ஒரு தட்டு தட்டுனேன். ஒன் கம்ப்யூட்டரே சல்லடை போட்டுருச்சு வித்யா! பெருசு பூராம் மேல, பொடி பூராம் கீழ. பொடியத் தள்ளி விட்டுட்டேன்."

"தள்ளுறதுக்கு முன்னாடி தொறந்து பாக்க வேணாமா?"

"பாக்காம இருப்பனா? நாலஞ்ச உரிச்சுப் பாத்தேன். உள்ள அரிசியே இல்ல. பூராம் இங்கிலீஷு எழுத்து." தொலியை உரித்து உள்ளே விதை கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிற குடோன் பழக்கத்தில், அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு காயை உரித்துக் காட்டின.

"குப்பைத் தொட்டியிலயாச்சும் கெடக்குதா?"

"அதையும் காலி பண்ணிட்டேன். சொத்தைய மூலையில போட்டு வச்சா நல்ல காய்க்கும் பூஞ்சை ஏறிரும்ல?"

வித்யா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது பதரில்லை, மூன்று வார வேலை அது என்று எடுத்துச் சொன்னாள். எங்கே வெளிச்சம், எங்கே நிறம், எது முதல் தரம் என்ற அத்தனையும் அந்தப் பொடிக்குள்தான் எழுதியிருந்தது என்றாள். அருள்பாண்டி துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி கேட்டான்.

"எட்டு கேபியிலயா?"

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு கேட்டதே இல்லையா நீங்க?"

"நான் கடுகு யாவாரமா பாக்குறேன்?"

கையில் ஏதாவது கிடைத்திருந்தால் அந்த நிமிஷம் அவன் மேல் விழுந்திருக்கும். கிடைத்தது பைக் சாவிதான். அதை எறிந்தால் அவனே போய்ப் பொறுக்கி வருவான் என்பதால் விட்டாள். அவனோ, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை மெல்ல மெல்ல உறைத்து முகம் சுருங்கி நின்றவன், சும்மா இருக்க முடியாமல் இன்னொன்றையும் சொன்னான்.

"ஆனா ஒண்ணு வித்யா. அம்புட்டையும் தள்ளியும் எடம் கொஞ்சங்கூடக் காலியாகல. அதான் எனக்குப் புரியவே இல்ல."

அழித்த ஃபைலை மீட்கிற மென்பொருள் ஒன்றை ஓடவிட்டாள். அது இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பெயரில்லாத நாலு துண்டுகளைக் கொண்டுவந்து போட்டது. மிச்சமிருந்த கொஞ்ச இடத்திலும் அழித்த இடத்தின் மேலும் அருள்பாண்டி தன் போன் படங்களைத் திணித்திருந்தான். அதில் பாதி, போடிமெட்டு வளைவில் நண்பர்களோடு நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படங்கள். ரா ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தவள் பொடிகளை மட்டும் எடுத்து வைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் தனி. யாரைத் திட்டினாலும் அந்த ஒரு திட்டு தன் வீட்டு விலாசத்துக்கே திரும்பி வந்தது.

ஜெகதீஷுக்குப் போன் செய்யலாம். அவரிடம் இரண்டு வேகமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. போனை எடுத்தாள், அந்தக் குட்டைக்கால் நாற்காலி கண்ணில் வந்து நின்றது, வைத்துவிட்டாள். மணி பத்தாகியிருந்தது. ஆறு மணி நேரத்தில் ஒரு கல்யாணத்தை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

"நானும் ஒத்தாசை பண்றேன்" என்று அருள்பாண்டி பின்னால் வந்து நின்றான்.

"நீங்க பண்ண ஒத்தாசை ஏழு சென்மத்துக்குப் போதும்."

"ஆயிரத்தி எண்ணூறு படம்ங்கிற. நீ ஒருத்தியே பொறுக்கி, நீயே திருத்தி, எப்ப முடிப்ப? பொறுக்குறது மட்டும் எனக்குக் குடு. அது என் சோலி."

மறுக்க வாயெடுத்தவளுக்கு மறுக்க நேரமில்லை. பழைய லேப்டாப்பை எடுத்து, நகல் டிஸ்க்கை அதில் சொருகி அவன் முன்னால் வைத்தாள். பிறகு காய் நறுக்குகிற சின்னக் கத்தியைக் கொண்டுவந்து, அதன் டெலிட் கட்டையை நெம்பிப் பிடுங்கினாள். திரும்பித் தன் கீபோர்டிலிருந்த டெலிட் கட்டையையும் பிடுங்கினாள். இரண்டையும் முந்தானை முடிச்சில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்புக்குறி மட்டும்தான் தொடணும். நல்லதா இருந்தா நம்பரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் செய்யக் கூடாது, யோசிக்கக்கூடக் கூடாது."

அருள்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஏலத்தில் குரல் கொடுப்பதுபோல நம்பர்கள் விழத் தொடங்கின. "பதினேழு எடு. இருவத்தி மூணு எடு. இருவத்தி நாலு, கண்ண மூடிட்டாரு பெரியவரு, போகட்டும். முப்பது எடு." அவன் சொல்லச் சொல்ல வித்யா அந்தந்தப் படத்தைத் திறந்து திருத்தினாள். மண்டபத்தில் எடுத்த ஒரு படத்தின் மஞ்சளைக் குறைத்து, அதே திருத்தத்தை அந்த விளக்கடியில் எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒட்டினாள். ஒவ்வொரு முகமாக உட்கார்ந்து மெழுக இப்போது நேரமில்லை. ஜெகதீஷ் ஸ்டூடியோவில் யார் வந்தாலும் முகத்தை நாலு படி வெளுப்பாக்கித்தான் அனுப்ப வேண்டும். பழக்கத்தில் கை அங்கே போனது, கடிகாரம் பிடித்து இழுத்தது.

முதல் ஐம்பதைச் சந்தேகத்தோடு சரிபார்த்தாள். இரண்டே இரண்டில்தான் தப்பு. ஒரே மாதிரி இருக்கிற ஏழு பெண்ணழைப்புப் படத்தில் அவள் மூன்று நாள் மாற்றி மாற்றித் தேர்ந்ததை அவன் நாலு விநாடியில் தொட்டிருந்தான். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "வெரசாச் சொல்லுங்க" என்று மட்டும் கடுகடுத்தாள்.

பத்தே முக்காலுக்கு அருள்பாண்டியின் குரல் நின்றது.

"முன்னூத்திப் பதினாறு" என்றான். சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. "இதாம்மா எட்டு எம்.எம்.!"

வித்யா எட்டிப் பார்த்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் அறையில் எடுத்தது. அலங்காரம் செய்தவர் கிளம்பிப் போன பிறகு தமிழினியின் பூச்சடை கழன்று சரிந்துவிட்டது. வித்யா ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, வாயில் நாலு கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சடைக்கு முட்டுக்கொடுத்தாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, ஊசியும் பல்லுமாக நின்ற அவளைக் கண்ணாடியில் பார்த்து, கல்யாணப்பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கையில் இருந்த கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

"அது வேணாம். அடுத்தது போங்க."

"ஏன்?"

"அதுல நான் தெரியறேன். அழிக்கணும். நேரமில்ல."

"போன தடவை அழிச்சிருந்தியா?"

"பின்ன? ரெண்டு மணி நேரம் ஒக்காந்து கண்ணாடியிலேருந்து ஆள எடுத்தேன். எடுத்துட்டுப் பாத்தா, வெறுஞ்செவத்தப் பாத்து அந்தப் பிள்ளை பைத்தியமாட்டம் சிரிக்கிது. அப்பறம் படத்தையே கழிச்சிட்டேன்."

அருள்பாண்டி லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எட்டு எம்.எம். காயில ஓட்டை போட்டு, ஓட்டக் காயின்னு நீயே கழிச்சிருக்க. என்னமோ அழிக்கிறவன் நான் ஒருத்தந்தான்னு காலையிலேருந்து வையிற."

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் வித்யாவுக்கு அன்றைய எரிச்சல்களிலேயே பெரிய எரிச்சல். எடுக்கிற ஆள் படத்தில் தெரியக் கூடாது என்பது ஜெகதீஷ் போட்ட சட்டம். கண்ணாடியில், எவர்சில்வர் அண்டாவில், மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடியில் என்று ஒன்பது வருஷமாகத் தெரிந்த ஆளையெல்லாம் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வேலையை விட்டு வந்து, தன் பெயரில் எடுத்த முதல் கல்யாணத்திலும் அதே கையோடு தன்னையே துடைத்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் நேரமில்லாததால் முந்நூற்றுப் பதினாறை நிறம் மட்டும் சரிசெய்து, வரிசையின் கடைசியில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தள்ளினாள்.

ஒன்றரைக்கு அருள்பாண்டி பொறுக்கி முடித்தான். மூன்று மணிக்கு அவள் திருத்தி முடித்தாள். முந்நூற்று இரண்டு படத்தையும் எல்லாரும் பார்க்கிற சாதாரணப் படமாக மாற்றக் கொடுத்தபோது கம்ப்யூட்டர் ஐம்பது நிமிஷம் ஆகும் என்றது. அந்த ஐம்பது நிமிஷமும் அது பழைய ரைஸ் மில் மாதிரி இரைந்தது. வித்யா அதன் பக்கத்திலேயே நின்றாள். அருள்பாண்டி தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கித் தின்றாள்.

நாலு அடித்து ஐந்து நிமிஷத்தில் ஆட்டோ வந்தது. வீரலட்சுமி கத்தரிக்காயும் மொச்சையுமாக ஒரு பையைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காட்டு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த பொம்பளை. அவளுக்குப் பின்னால் தமிழினி மஞ்சள் மாறாத தாலிக்கயிறோடு நின்றாள்.

படங்கள் ஓடின. "நல்லாருக்கு" என்றாள் வீரலட்சுமி. அடுத்ததற்கும் நல்லாருக்கு. ஐம்பதாவது படத்துக்கும் அதே நல்லாருக்கு, ஆனால் சத்தம் குறைந்திருந்தது. நூற்றைம்பது தாண்டியதும் அதுவும் நின்றது. வேகத்தில் எதையோ கெடுத்துவிட்டோம், வெளுக்காமல் விட்டது தப்பு, தை மாதக் கல்யாணம் போயிற்று என்று வித்யாவுக்கு உள்ளுக்குள் ஒவ்வொன்றாகக் கழன்றது.

"ஏம்ப்பா வித்யா" என்று வீரலட்சுமி திரும்பினாள். "ஒன்னையக் குறை சொல்லல. நீ நல்லாத்தான் எடுத்திருக்க. ஆனா எம்பிள்ளை ஒண்ணுலயாச்சும் சிரிச்சிருக்காளா? பூராத்துலயும் பரிச்சைக்குப் போனவ கணக்கா நிக்கிறா. நாளைக்கு இவ அங்கிட்டுப் போயிட்டா நான் இதத்தான பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்?"

தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். வித்யா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடிக்கொண்டிருக்கும்போது, வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அருள்பாண்டி, யோசிக்கக்கூடக் கூடாது என்று காலையில் சொல்லியிருந்தும் வாயைத் திறந்தான்.

"முன்னூத்திப் பதினாறக் காட்டு."

அவள் முறைத்தாள். அவன் நம்பரை இன்னொரு தரம் சொன்னான். வேறு வழியில்லாமல் கடைசிக்கு ஓட்டித் திறந்தாள்.

திரை முழுக்கத் தமிழினி சிரித்தாள். கண் இடுங்கி, பல் தெரிய, நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கச் சிரித்தாள். நின்றுகொண்டிருந்த தமிழினியும் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அதே மாதிரி சிரித்தாள்.

"அம்மா, அந்தக் கண்ணாடியப் பாரு! அக்கா வாயி பூராம் ஊசி! அதோட, சிரிக்காத சிரிக்காதன்னு என்னைய வையிது. எனக்கு அடக்கவே முடியல."

வீரலட்சுமி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதப் பக்கத்துல போடு" என்றாள்.

"இல்லக்கா, அதுல நான் விழுந்திருக்கேன். எடுத்துட்டு வேணா..."

"ஏன் எடுக்கணும்? ஒன்னைய எடுத்தா அவ யாரப் பாத்துச் சிரிப்பா?"

போகும்போது வீரலட்சுமிக்கு ஒன்று நினைவு வந்தது. "ஆல்பத்து ஓரத்துல, படம் எடுத்தது இன்னாருன்னு பேரு போடுவாகளே. பொட்டிபுரத்துல தங்கச்சி கேட்டா காட்டணும். அது எங்கன வரும்?"

"பேரு எதுக்கும்மா?" என்றாள் தமிழினி, ஆட்டோவில் ஏறிக்கொண்டே. "மொதப் பக்கத்துல ஆளே நிக்கிதுல்ல."

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரைக்கும் வித்யா வாசலில் நின்றாள். உள்ளே வந்து யாருக்கும் தெரியாமல் ஒரு மூச்சு அழுதாள். அது காலையில் முட்டிய அழுகை இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, அருள்பாண்டி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தில் அத்தனை பெருமையும் வழிய, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு இவனை ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள்.

"யோசிச்சுப் பாரு வித்யா. நேத்து நான் மட்டும் அதத் தள்ளாம இருந்திருந்தா..."

"வாய மூடுங்க."

அவன் மூடினான். மூடிய வாயோடு ஃபோல்டரைக் கீழே ஓட்டிக்கொண்டு போனவன் திடுக்கிட்டு முன்னால் சாய்ந்தான். அன்று பகல் முழுக்க அவள் திருத்திய ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எட்டு கேபி, ஒன்பது கேபியில் ஒரு குட்டி முளைத்திருந்தது.

"ஏ, மறுபடியும் பொடி விழுந்திருக்குடி!" என்று கத்தினான். பதினெட்டு வருஷப் பழக்கம் அவன் விரலைத் தானாகக் கீபோர்டுக்குக் கொண்டுபோனது. டெலிட் கட்டை இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். வித்யா இடுப்பில் செருகிய முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.